தேய்ந்த அளவு

என் பெரியப்பா வனத்துறையில் ரேஞ்சராக உத்தியோகம் பார்த்து, ஜவ்வாது மலையின் சந்தனக் காடுகளுக்குக் காவலாகத் தம் யௌவனத்தையும் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கின் கணக்குகளுக்குத் தம் கண்பார்வையையும் கொடுத்துவிட்டு, ஓய்வுக்காலத்தைத் திருவண்ணாமலையில் வட ஒத்தவாடைத் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில் கழித்து, 1975-ஆம் வருஷம் காலமானார். சந்ததி இல்லாதவராகையால் அவருடைய சொற்ப ஆஸ்திகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரு பித்தளைக் கூஜா, தோல் உறையிட்ட ஒரு தொலைநோக்கி, காட்டுப் பட்சிகளைப் பற்றி அவரே பென்சிலால் எழுதி வைத்திருந்த மூன்று நோட்டுப் புத்தகங்கள், இவற்றோடு ஒரு ரிவால்வர். முதல் மூன்றும் மாட்டு வண்டியில் என் வீட்டுக்கு வந்தன. நான்காவது சர்க்காரின் வழியாக வந்தது.

உடையவர் காலமானதும் ஆயுதம் வீட்டில் இருக்கலாகாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கோர வேண்டும். அவ்வாறே ஒப்படைத்துவிட்டு மனுப் போட்டேன். அக்காலத்தில் நாங்கள் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ஆம் தேதிதான். எனவே கலெக்டர் ஆபீஸ் என்றால் வேலூர். போளூர், கண்ணமங்கலம் வழியாக மீட்டர் கேஜ் ரயிலிலோ பஸ்ஸிலோ எத்தனை தரம் போய் வந்தேன் என்பதை என் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். தமிழாசிரியனுக்கு ரிவால்வர் எதற்கு என்று அங்கே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. பெரியப்பாவினுடையது என்றேன், அதையே விண்ணப்பத்திலும் எழுதிக்கொண்டார்கள்.

அது பர்மிங்காம் நகரத்து வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்த .32 விட்டத்துச் சிறிய ரிவால்வர். ஆறு அறைகள் கொண்டது. மேலே உள்ள பூட்டை அழுத்தினால் குழாய் முன்புறமாக மடிந்து, நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு தோட்டாக்களையும் ஒருசேர வெளியே தள்ளும். அந்த ஒரு சாமர்த்தியத்தைப் பார்ப்பதற்காகவே, வெற்றுத் துப்பாக்கியைச் சிறுபிள்ளைபோல் பலமுறை திறந்து மூடியிருக்கிறேன். எஃகுச் சட்டத்தின் பக்கவாட்டில், கம்பெனியின் முத்திரையாகச் சிறகு முளைத்த ஒரு தோட்டா பொறித்திருந்தது.

ஓர் அவாந்தர விஷயம். நம் பத்திரிகைகளிலும் நாடகங்களிலும் கைத்துப்பாக்கி எதுவானாலும் ரிவால்வர் என்றே எழுதிவிடுகிறார்கள். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் பிரயோகித்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதில் சுழலும் உருளை கிடையாது, தோட்டாக்கள் பிடிக்குள்ளேயே அடுக்கடுக்காக நிற்கும். ரிவால்வருக்கோ தோட்டாக்கள் உருளையில். பிடிக்குள்ளே இருப்பது ஒரு வில் மட்டுமே. இந்தப் பேதத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், என் கதை முழுவதும் அந்தப் பிடியைப் பற்றியதாக இருப்பதுதான்.

1978-ஆம் வருஷத்து நவராத்திரியில், ஆயுத பூஜையன்று, வீட்டிலுள்ள அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் பேனா, மனைவியின் தையல் மிஷின் ஆகிய சகல ஆயுதங்களோடும் நிஜமான ஆயுதம் ஒன்றையும் துடைத்துச் சந்தன குங்குமம் இட்டு வைக்கும் பேறு எங்கள் தெருவில் எனக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அந்தக் கர்வத்தில் பிடியிலிருந்த திருகாணி சற்றே தளர்ந்திருப்பதைக் கண்டு, தையல் மிஷின் டப்பாவிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அதை முறுக்கினேன். முறுகிற்று. இன்னும் அரைச் சுற்று முறுக்கினேன். அப்பளம் உடைவதைப் போல ஒரு சப்தம். இடப்பக்கத்துப் பிடித்தகடு, திருகாணித் துவாரத்தின் வழியாகக் குறுக்கே வெடித்து இரண்டு துண்டாக என் மடியில் விழுந்தது. பழி முழுவதும் என்னுடையது. தளர்ந்திருந்த திருகாணியை அப்படியே விட்டிருந்தால் அது இன்றைக்கும் தளர்ந்தபடியே சௌக்கியமாக இருந்திருக்கும்.

உடைந்த வாயை விரலால் தேய்த்து முகர்ந்தபோது மெல்லிய கந்தக வாடை அடித்தது. அது எனக்குப் பழகிய வாடை. ராஜமகேந்திரபுரத்து ரத்னம் பேனா ஒன்று என்னிடம் இருந்தது. காந்தியடிகளின் சுதேசி உபதேசத்தால் 1930-களில் பிறந்த பேனா அது. அதன் உடலை உள்ளங்கையில் உரசினாலும் இதே வாடைதான். இரண்டும் ஒரே வஸ்து: ரப்பரோடு மிகுதியாகக் கந்தகத்தைச் சேர்த்து மணிக்கணக்கில் சூடேற்றினால் கொம்புபோல் இறுகிவரும் எபனைட். துப்பாக்கிக்காரர்கள் அதையே வல்கனைட் என்பார்கள். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தால் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றபின் வந்த வித்தை. அச்சில் வார்த்தால் கட்டம் கட்டமான சொரசொரப்போடு அழகாக வரும். ஆனால் வயதானால் நொறுங்கும் சுபாவம் கொண்டது. வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறும். பெரியப்பாவின் துப்பாக்கி உறைக்குள்ளேயே காலம் கழித்தபடியால் கருமை மாறாமல் இருந்தது.

மாற்றுப் பிடிக்காக அலைந்த அலைச்சலை விஸ்தரிக்க விரும்பவில்லை. வேலூரில் ஒரு கடைக்காரர் தகட்டைப் புரட்டிப் பார்த்து, ‘இதெல்லாம் இப்ப யாரு சார் வெச்சிருக்கா?’ என்று திருப்பிக் கொடுத்தார். சென்னை மவுண்ட் ரோட்டிலே ஒரு கடையில் வேறொரு துப்பாக்கியின் பிடியை எடுத்துக் காட்டி, அரத்தால் ராவினால் பொருந்திவிடும் என்றார்கள். அதன் வளைவே வேறு. சீமையிலிருந்து தருவிக்கலாமென்றால் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கோலோச்சிய நாட்கள் அவை. இரண்டு துண்டு ரப்பருக்காக எத்தனை பாரம் பூர்த்தி செய்வது? நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரண்டாம் உலக யுத்தத்து ஜெனரல் பாட்டன் தம் ரிவால்வருக்குத் தந்தப் பிடி வைத்திருந்ததை எங்கள் சரித்திர ஆசிரியர் ஞாபகப்படுத்தினார். மான்கொம்பு நேர்த்தியாக இருக்கும் என்றார் இன்னொருவர். தந்தத்துக்கும் மான்கொம்புக்கும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் குறுக்கே நின்றது. சந்தன மரமோ அக்காலத்தில் சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தது. வாழ்நாளெல்லாம் இவற்றைத் திருட்டிலிருந்து காத்த மனிதரின் துப்பாக்கிக்கு இவற்றில் ஒன்றால் பிடி போடுவது அபசாரம் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் தேரடிக்கு அப்பால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த ஆசாரியிடம் போனேன். தேர்களின் மராமத்திலே கை வைத்த பரம்பரை. வயது அறுபதுக்கு மேலே. பட்டறை வாசலில் ஏதோ கிராமத்து அம்மன் கோயிலுக்கான குதிரை வாகனம் ஒன்று பாதி செதுக்கியபடி நின்றது. பிடரி மயிர் சுருள் சுருளாக வந்துவிட்டது, நாசித் துவாரம் விடைத்துவிட்டது. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் மாத்திரம் இரண்டு வெறும் குழிகள்.

போகுமுன்பே, வக்கீல் சிநேகிதர் ஒருவர் எனக்கு எச்சரிக்கை செய்திருந்தார். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் லைசென்ஸ் தேவை என்பது அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஆகையால் மரத்தகடு செய்யச் சொல்லலாமே தவிர, துப்பாக்கியை ஆசாரியின் கையில் கொடுக்கக் கூடாது. ‘மரம் அவர் செய்யட்டும், பொருத்துவதை நீர் செய்யும்’ என்றார். ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்பவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

ஆசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உடைந்த துண்டுகளையும் முழுசாக இருந்த வலப்பக்கத்துத் தகட்டையும் வாங்கி, உடைந்ததை ஒன்றுசேர்த்து அட்டையின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டார். பிறகு இரண்டின் கனத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். அளவுகோலை எடுக்கவே இல்லை.

‘வாத்தியாரே, வலப்பக்கத்துது அரை நூல் கம்மியா இருக்குதே. இதுல எந்த அளவு ஓணும் உங்களுக்கு? தேஞ்ச அளவா, செஞ்ச அளவா?’

நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டிலொரு பாகம். அப்பொழுதுதான் நானும் கவனித்தேன்: விரல் நுனிகள் மட்டுமே படும் இடப்பக்கத்தில் கட்டங்கள் கூர்மையாகவே இருந்தன; உள்ளங்கை அழுந்தும் வலப்பக்கத்திலோ, பெருவிரலின் அடிமேடு பதியும் இடம் கூழாங்கல்போல வழவழத்து, கட்டங்கள் அழிந்து, சற்றே குழிந்தும் போயிருந்தது. மலைமேல் எத்தனை இரவுகள், எத்தனை ஒற்றையடிப் பாதைகள், உறைக்குள்ளிருந்த பிடியைப் பற்றியபடி அவர் நடந்திருந்தால் எபனைட் அவ்வளவு தேயும்! அவர் ஒரு முறையேனும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுட்டதால் தேய்ந்ததல்ல அது, பிடித்ததால் தேய்ந்தது.

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் போய், தேய்ந்த அளவே இருக்கட்டும் என்றேன். ஆசாரி இழைப்புளியை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

‘உங்க பெரியப்பா கையால தேச்சதை நான் உளியால தேய்க்க மாட்டேங்க. செஞ்ச அளவுல தர்றேன். தேய்க்கிறது உங்க பாடு.’

கேள்வியைக் கேட்டவரே விடையையும் வைத்திருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டாயிற்று. இரண்டு நாள் தூக்கம் கெட்டது என்னுடையதல்லவா?

மரம் எது என்பதிலும் அவர் அபிப்பிராயம் தீர்மானமாக இருந்தது. நான் கருங்காலி என்றேன். அது உளியைத் தின்னும், மெல்லிய தகடானால் சில்லுச் சில்லாகப் பெயரும் என்றார். புளிய வைரம் கொட்டாப்புளிக்கு லாயக்கு, கைக்கு ஆகாது என்றார். பிறகு பரணிலிருந்து ஒரு பழைய ஈட்டிமரக் கட்டில் காலை இறக்கினார். யாரோ ஒரு மிராசுதார் வீட்டுப் பிரசவக் கட்டிலாம். ஐம்பது வருஷத்துக்குக் குறையாமல் காற்றையும் கோடையையும் பார்த்துவிட்ட மரம். ‘இனிமே இது வீங்கவும் வீங்காது, சுருங்கவும் சுருங்காது’ என்றார். அதை நெடுக்குவாட்டில் அறுத்து, புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைப் போல ஒரே ரேகை இருபுறமும் வரும்படி இரண்டு பலகைகள் எடுத்தார். ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். குறுக்கே ஓடினால் கழுத்துப் பக்கம் மெலிகிற இடத்தில், என் எபனைட் தகடு போலவே, ஒரு நாள் ஒடியும்.

வெளிப்புறத்தை உருட்டியபின் உப்புத்தாள் போடுவார் என்று பார்த்தேன். அவர் ஒரு கைப்பிடி காய்ந்த பராய் இலையை எடுத்து, நீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அரம்போல் சொரசொரத்த அந்த இலையால் தந்தத்தையும் மரத்தையும் மெருகிடுவது பழைய வழக்கம். இந்த ஊரில் அந்தக் காட்சி வேறொன்றையும் நினைவூட்டாமல் போகாது. ரமண மகரிஷி ஒரு சமயம் முள் நிறைந்த கிளை ஒன்றை வெட்டியெடுத்து, முள்ளைச் சீவி, சொரசொரப்பான இலையால் மணிக்கணக்கில் தேய்த்து வழவழப்பான கைத்தடியாக்கி, தடியைத் தொலைத்துவிட்டு நின்ற ஆட்டிடையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. ஆசாரியின் தகப்பனார் மகரிஷியைத் தரிசித்தவராம். ‘சாமி இலையை வீணடிக்காதாம்’ என்பது அவர் குடும்பத்தில் வழங்கிய ஒரே உபதேசம். தொழிலாளிக்குத் தொழிலாளி எதைக் கவனிக்கிறான் பாருங்கள்.

வெளிப்புறம் முடிந்தது. உட்புறம் என் பங்கு.

பழைய தகட்டிலிருந்த சிறிய பித்தளைக் குமிழை, தகட்டை வெந்நீரிலிட்டு இளக்கி நான் கழற்றிக் கொண்டுவர, அதற்கான துவாரத்தை மட்டும் அவர் துளைத்துத் தந்தார். மற்றபடி எஃகுச் சட்டத்தின்மேல் மரம் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். சட்டத்தின் அடிப்பக்கத்திலுள்ள முளை அதற்குரிய குழியில் சேர வேண்டும். உள்ளேயிருக்கும் வில்லில் மரம் உரசக் கூடாது. இதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

‘வீட்டுல கண்மை இருக்குதுங்களா?’

இருந்தது. எங்கள் பெண் குழந்தைக்கு அப்பொழுது ஒன்றரை வயது. என் மனைவி அகலில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரியேற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து மை கூட்டி வைப்பாள். அதை இரும்பின்மேல் மெல்லியதாகத் தடவி மரத்தை அழுத்தி எடுத்தால், மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மேடு. அந்த மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். முதலில் இரண்டு மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டும். சுரண்டச் சுரண்டப் பொட்டு பெருகும். உட்புறம் முழுவதும் சீராகக் கறுத்தால் வேலை முடிந்தது. ‘மை எங்கே சொல்லுதோ அங்கே மட்டும் கை வைங்க, கண்ணு சொல்றதைக் கேட்காதீங்க’ என்றார்.

கார்த்திகைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பகலில் பள்ளிக்கூடம், இரவில், தோட்டாக்களை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியை விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். தகடுகளைக் கழற்றினால் அந்த ரிவால்வர் பரிதாபமாக இருக்கும். கம்பீரமெல்லாம் போய், மெலிந்த எஃகு எலும்பும் நடுவிலே உண்டிவில்லின் கவட்டைபோல் மடிந்து நிற்கும் ஒரு பட்டை வில்லுமாகக் காட்சியளிக்கும். முதல் இரவு, மை சொன்ன இடத்தை விட்டுக் கண் சொன்ன இடத்தைச் சுரண்டினேன். விளிம்பில் மயிரிழை அளவு சந்து விழுந்துவிட்டது. மறுநாள் வெட்கத்தோடு ஆசாரியிடம் எடுத்துப் போனதும், ஒன்றும் பேசாமல் அதே கட்டில் காலிலிருந்து இன்னொரு பலகை அறுத்தார். இரண்டாவது தகட்டுக்கு இருபத்தேழு முறை மை தடவினேன். பதினான்காம் முறையில் பொருந்திவிட்டது என்று திருகாணியைப் போட்டுச் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், மாட்டு வண்டி மணலில் இறங்கியதுபோல் கனமாக வந்தது. மரம் வில்லைத் தொடுகிறது. மறுபடி கழற்றி, வில் வளையும் பாதையைப் பார்த்து உட்புறத்தைக் குழித்தேன். மையெல்லாம் தீர்ந்துபோய், குழந்தையின் கண் இரண்டு நாள் வெறுமையாக இருந்தது. என் மனைவி அதைப் பற்றி இன்றைக்கும் பிரஸ்தாபிப்பதுண்டு.

தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2668 அடி உயரத்து மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொண்டபோது, தெருவே அரோகரா என்று ஓலமிட்டுக் கைகூப்பி நின்றது, நானும் கூப்பினேன். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. மலைமேல் பதினொரு நாள் எரியும் அந்தத் தீபத்தின் கரியும் சேகரிக்கப்பட்டு, ஆருத்ரா தரிசனத்தின்போது தீப மையாக நெற்றிக்கு வழங்கப்படும். அந்த மையில் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஒரு நண்பர் பரிகாசம் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, இரு தகடுகளும் முழுவதுமாகக் கறுத்தன. துடைத்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சுக் கொடுத்து உலர்த்தி, திருகாணியை இம்முறை இரண்டு விரலால் மட்டும் முறுக்கி, நின்ற இடத்தில் நிறுத்தினேன். ஆசாரியிடம் செய்தி சொல்லப் போனபோது அவர் கேட்டது ஒரே வார்த்தை: ‘உட்கார்ந்துச்சா?’

‘உட்கார்ந்துவிட்டது’ என்றேன். வீட்டுக்கு வந்து பார்க்கலாமே, பார்ப்பதற்குச் சட்டத்தில் தடை ஒன்றுமில்லையே என்று அழைத்தேன். அதற்கென்ன இப்போது என்று கையசைத்துவிட்டார். கூலியாகப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். கெடுத்த தகட்டுக்குத் தனியாகக் கொடுத்ததை வாங்கவில்லை. ‘அந்த உடைஞ்ச கறுப்பு ஓட்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க’ என்றார். கொடுத்தேன். முழுசாக இருந்த வலப்பக்கத்துத் தகட்டை நான் வைத்துக்கொண்டேன்; இன்றும் பெரியப்பாவின் தொலைநோக்கிப் பெட்டியில், பருத்தித் துணியில் சுற்றியபடி இருக்கிறது.

ஈட்டிமரப் பிடி வருஷங்கள் செல்லச் செல்ல எண்ணெய் குடித்துக் கறுத்தது. ஆனால் தேயவில்லை. தேய்ப்பது என் பாடு என்று ஆசாரி ஒப்படைத்த வேலையை நான் செய்யவே இல்லை. ஆயுத பூஜைக்கு ஒருமுறை, லைசென்ஸ் புதுப்பிக்கையில் ஒருமுறை, தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மீட்கையில் ஒருமுறை, இவ்வளவுதான் என் கை அதன்மேல் பட்டது. அரை நூல் தேய வேண்டுமானால் இன்னும் நான்கு ஜன்மம் எடுக்க வேண்டும்.

பல வருஷங்களுக்குப் பிறகு, செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பழைய மாணாக்கன் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தேன். அவ்வூர் அம்மனுக்குத் திருவிழா. வாகனங்களை வெளியே எடுத்து வெயிலில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுருண்ட பிடரியும் விடைத்த நாசியுமாக நின்ற குதிரையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கிட்டே போய்க் கண்களைப் பார்த்தேன். வட்டமாக அறுத்து இழைத்துப் பதித்த இரண்டு துண்டுகள். ஒன்றின் ஓரத்தில், ஆசாரி வேண்டுமென்றே விட்டு வைத்தாரோ என்னவோ, கட்டம் கட்டமான பழைய சொரசொரப்பு இமைமயிர்போல இலேசாகத் தெரிந்தது. வெயில் பட்டுப் பட்டுக் கருமை போய், பழுப்பில் பச்சை கலந்திருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன்.

‘அதும் கண்ணை அப்படித் தேய்க்காதீங்க சார்’ என்றார் பூசாரி. ‘இந்தச் சுத்துவட்டாரத்துல பூனைக்கண்ணுக் குதிரை எங்க ஊர்ல மட்டுந்தான்.’